இமைமுடி வளர்க்கும் மருந்து: யாருக்குத் தகும்?

கண்ணிமை முடியை வளர்ப்பதாகச் சொல்லி இன்று எத்தனையோ பொருட்கள் விற்பனைக்கு வந்துவிட்டன. அவற்றுள், உண்மையிலேயே வளர்க்கிறது என்று முறையான சோதனையில் நின்று காட்டியவை ஒரே மருந்துக் குடும்பத்தைச் சேர்ந்தவை. அந்தக் குடும்பத்தில் முதன்மையானது பிமாட்டோப்ரோஸ்ட். இது இமைக்காகப் பிறந்த மருந்து இல்லை. கிளாக்கோமா என்ற கண் அழுத்த நோய்க்காக வந்த சொட்டு மருந்து. அதைப் போட்டுக்கொண்ட நோயாளிகளுக்கு இமைமுடி நீண்டது, தடித்தது, கறுத்தது. நோயாளிக்குப் பக்கவிளைவாக இருந்த அதே மாற்றம் அழகு தேடுவோருக்குப் பலனாகிவிட்டது. பலனும் பக்கவிளைவும் ஒரே செயலிலிருந்து பிறப்பதால், ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை ஒதுக்கித் தள்ள இங்கே வழியில்லை. இந்த மருந்தை எடைபோடுகிறவர்கள் முதலில் மனத்தில் நிறுத்த வேண்டியது இதைத்தான்.

பாறசாலையிலிருந்து உதியன்குளங்கரை, அமரவிளை வழியாக நெய்யாற்றின்கரை வரை நீளும் எல்லைப் பகுதியை முன்னிறுத்தியே இதை எழுதுகிறேன். 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன; நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்திலேயே நின்றது. அதற்குப் பிறகும் களியக்காவிளைச் சந்தைக்குப் போய்வருவது நிற்கவில்லை, மார்த்தாண்டத்திலும் குழித்துறையிலும் பெண் கொடுத்துப் பெண் எடுப்பது நிற்கவில்லை. கல்யாணம் என்றால் இரண்டு பக்கத்து வழக்கமும் கலந்தே வரும். மணப்பெண் ஒப்பனையில் கண்ணுக்கு இங்கே எப்போதும் முதலிடம். பூவாங்குருந்தல் சாற்றில் வெள்ளைத்துணியை நனைத்து, உலர்த்தி, திரியாக்கி எரித்து, அந்தக் கரியில் வீட்டிலேயே கண்மை செய்யும் கைப்பழக்கம் உள்ள மண் இது.

இன்னொரு காரணமும் உண்டு. பாறசாலையில் ஒரு மருந்துக்கடைக்காரர் மருத்துவரின் சீட்டைக் கேட்டுத் திருப்பி அனுப்பினால், எல்லைக்கு அந்தப்பக்கம் வேறொரு கடை பக்கத்திலேயே இருக்கிறது. சட்டம் ஒன்றே: 1940-ஆம் ஆண்டின் மருந்துகள், அழகுசாதனப் பொருட்கள் சட்டம். ஆனால் அதைச் செயல்படுத்துகிறவர்கள் இரண்டு மாநிலத்து அதிகாரிகள். இணையக் கடைக்கோ எல்லையே கிடையாது. எனவே, வாங்கலாமா வேண்டாமா என்ற முடிவு இந்த ஊர்களில் பெரும்பாலும் வாங்குகிறவர் கையிலேயே விடப்படுகிறது. அவர் தெரிந்து முடிவெடுக்கட்டும் என்பதே என் அக்கறை.

கண்டுபிடிப்பின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1996-இல் லாட்டனோப்ரோஸ்ட் என்ற கிளாக்கோமா மருந்துக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. மறு ஆண்டே மரே ஜான்ஸ்டோன் என்ற கண் மருத்துவர், ஒரு கண்ணில் மட்டும் அந்தச் சொட்டைப் போட்டுவந்தவர்களிடம் கண்ட வேறுபாட்டைப் பதிவு செய்தார். மருந்து விழுந்த கண்ணின் இமைமுடி அடர்ந்திருந்தது. மறு கண்ணில் மாற்றமில்லை. ஒரே முகத்தில் ஒரு கண் சோதனையாகவும் மறு கண் அதற்கு ஒப்பீடாகவும் அமைந்ததால் அந்தக் கவனிப்பைத் தற்செயல் என்று தள்ள முடியவில்லை. 2001-இல் பிமாட்டோப்ரோஸ்ட் ‘லூமிகன்’ என்ற பெயரில் கிளாக்கோமாவுக்கு வந்தது. 2008 டிசம்பரில் அதே மருந்து, அதே 0.03 சதவீதக் கரைசலாக, ‘லாட்டிஸ்’ என்ற பெயரில் இமைமுடிக் குறைவுக்கு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் அனுமதியைப் பெற்றது. ஜப்பான் 2014-இல் அனுமதித்தது.

இது எப்படி வேலை செய்கிறது? தலைமுடி ஆண்டுக்கணக்கில் வளரும். இமைமுடி ஒன்றிரண்டு மாதம் வளர்ந்து நின்றுவிடும். பிறகு மாதக்கணக்கில் ஓய்ந்திருந்து உதிரும். அது குட்டையாக இருப்பதற்குக் காரணம் இதுதான். பிமாட்டோப்ரோஸ்ட் வளரும் காலத்தை நீட்டுகிறது, நிறமி உண்டாவதைக் கூட்டுகிறது. ஆனால் வேரே அழிந்துபோன இடத்தில் புது வேரை அதனால் உண்டாக்க முடியாது. தீக்காயத் தழும்பில் முடி முளைக்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

இனி சான்றைப் பார்ப்போம். 2008 அனுமதிக்கு அடிப்படையான சோதனையில் 278 பேர் கலந்துகொண்டார்கள். ஒரு பாதியினருக்கு மருந்து, மறு பாதியினருக்கு மருந்தில்லாத வெறும் கரைசல். எது யாருக்கு என்பது இரு தரப்புக்கும் தெரியாது. 16 வாரம் கழித்து, நான்கு படிகள் கொண்ட அளவுகோலில் ஒரு படியாவது முன்னேறியவர்கள் மருந்துக் குழுவில் 78.1 சதவீதம், வெறும் கரைசல் குழுவில் 18.4 சதவீதம். நீளம் சராசரியாக 1.4 மில்லிமீட்டர் கூடியது. அதாவது 25 சதவீதம். அடர்த்தி 106 சதவீதம் கூடியது. கருமை 18 சதவீதம் கூடியது. மருந்து வேலை செய்கிறது என்பதில் இதற்குப் பிறகு ஐயத்துக்கு இடமில்லை. அழகுப்பொருள் உலகில் இவ்வளவு தெளிவான சான்று கிடைப்பது அரிது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்.

ஆனால் அந்த எண்களுக்குள் இன்னும் கொஞ்சம் இறங்கிப் பார்க்க வேண்டும். 1.4 மில்லிமீட்டர் என்பது 25 சதவீதம் என்றால், தொடக்கத்தில் அவர்களுடைய முடி சுமார் ஐந்தரை மில்லிமீட்டர்தான் இருந்திருக்கிறது. சோதனையில் சேர்க்கப்பட்டவர்கள் அளவுகோலின் கீழ் இரண்டு படிகளில் இருந்தவர்கள், அதாவது இமைமுடி உண்மையிலேயே குறைவாக இருந்தவர்கள். ஏற்கெனவே போதுமான இமைமுடி உள்ள ஒரு பெண்ணுக்கு இந்த மருந்து எவ்வளவு கூட்டும் என்ற கேள்வியை அந்தச் சோதனை எழுப்பவே இல்லை. கலந்துகொண்டவர்களில் பெரும்பாலோர் வெள்ளை இனத்தவர். வெளிறிய இமைமுடி உடையவருக்குக் கருமை 18 சதவீதம் கூடுவது பெரிய வரவு. நம் பெண்களின் இமைமுடி பிறப்பிலேயே கருமை. விளம்பரம் அடுக்கும் மூன்று பலன்களில் ஒன்று நமக்கு முன்பே கைவசம் இருக்கிறது. அதற்குக் காசு கொடுக்கத் தேவையில்லை. பின்னாளில் ஜப்பானியரிடமும் ஆப்பிரிக்க அமெரிக்கரிடமும் தனியாகச் சோதனைகள் நடந்தன, அவற்றிலும் மருந்து பலன் தந்தது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். கறுத்த தோல்காரருக்கு வேலை செய்யாது என்று யாரும் புரிந்துகொள்ளக் கூடாது.

சோதனைக்குப் பணம் போட்டது மருந்தைத் தயாரித்த அலர்கன் நிறுவனமே. அதனால் முடிவு பொய்யாகிவிடாது. ஆனால் எதை அளப்பது, எவ்வளவு காலம் அளப்பது என்பதைத் தீர்மானித்தவர்கள் யார் என்று தெரிந்திருப்பது நல்லது. 16 வார மருந்து, அதற்குப் பிறகு நான்கு வாரக் கண்காணிப்பு. இமைமுடி வளர்ச்சியைக் காட்ட அந்தக் காலம் போதும். ஆண்டுக்கணக்கில் தடவினால் கண்ணைச் சுற்றியுள்ள கொழுப்புக்கு என்ன ஆகும் என்பதைக் காட்டப் போதாது.

நிறுத்தினால் என்ன நடக்கும் என்பது பலரும் கேட்காமல் விடும் கேள்வி. மருந்தை நிறுத்திய சில வாரங்களில், மாதங்களில் இமைமுடி பழைய நிலைக்கே திரும்பிவிடும். மேலே சொன்ன முடிவளர் சுழற்சிதான் காரணம்: நீட்டப்பட்ட முடிகள் உதிரும், அடுத்து முளைப்பவை தம் இயல்பான நீளத்துக்கே வளரும். ஆகவே பலன் வேண்டும் என்றால் ஒவ்வொரு இரவும் தடவிக்கொண்டே இருக்க வேண்டும். செலவும் கூடவே வரும், ஆபத்தும் கூடவே வரும். சொந்தமாக வாங்கியதுபோல் தோன்றினாலும் இது மாத வாடகைக்கு எடுத்த அழகு.

கல்யாணத்துக்காக நினைப்பவர்கள் காலக் கணக்கையும் பார்க்க வேண்டும். முழுப் பலனுக்கு 16 வாரம், அதாவது நான்கு மாதம் ஆகும். நிச்சயம் முடிந்து ஆவணியில் முகூர்த்தம் என்றால், ஆடியில் தொடங்குகிறவருக்கு முகூர்த்த நாளன்று கிடைப்பது அரைகுறைப் பலன். சிவந்த கண் வேண்டுமானால் முழுதாகக் கிடைக்கலாம். கல்யாணத்துக்குப் பிறகு கருத்தரிக்கும் வாய்ப்பு வருகிறது. கருவுற்ற பெண்களிடம் இந்த மருந்து போதிய அளவு சோதிக்கப்படவில்லை. பலன் ஆபத்தை விட மேலானது என்றால் மட்டுமே தரலாம் என்பதே மருத்துவ நெறி. இமைமுடி நீளத்துக்காக அந்த நெறியை எந்த மருத்துவரும் வளைக்க மாட்டார். நான்கு மாதம் காத்திருந்து பெற்றதை அப்போது கைவிட வேண்டிவரும்.

பக்கவிளைவுகளை இனி ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன். அடிப்படைச் சோதனையில் கண் சிவப்பு 3.6 சதவீதம், அரிப்பு 3.6 சதவீதம், தோல் கருமை 2.9 சதவீதம். பார்த்தால் சிறிய எண்கள்தாம். ஆனால் இவை எந்த நிலையில் கிடைத்தவை என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு கண்ணுக்கும் ஒரு முறை மட்டும் பயன்படும் தூய தூரிகை. மேல் இமையின் விளிம்பில் மட்டும் பூச்சு. மிஞ்சியதை உடனே ஒற்றி எடுப்பது. கண்ணுக்குள் போவது மிகச் சிறு பகுதி. அதே மருந்தைக் கிளாக்கோமாவுக்காகக் கண்ணுக்குள் சொட்டாக விடும்போது சிவப்பு 25 முதல் 45 சதவீதத்தினருக்கு வருகிறது என்று லூமிகனின் தகவல் தாளே சொல்கிறது. வீட்டில் பழைய ஐலைனர் தூரிகையில் சொட்டை நனைத்து, இரண்டு கண்ணுக்கும் மாற்றி மாற்றித் தீட்டுகிறவருக்கு அந்த 3.6 பொருந்தாது. தூரிகையில் இருக்கும் கிருமி ஒரு கண்ணிலிருந்து மறு கண்ணுக்குப் போகும், புட்டியின் வாய்க்கும் போகும். எல்லைப் பகுதியின் புழுக்கத்தில் இரவு வியர்வை மருந்தைக் கன்னம் வரை இறக்கிவிடவும் கூடும். மருந்து திரும்பத் திரும்பப் படும் இடத்தில் பூனைமுடி வளரலாம் என்று தகவல் தாள் எச்சரிக்கிறது.

ஐரிஸ் என்ற கண் நிறவளையம் பழுப்பாக மாறுவதும், மாறினால் பெரும்பாலும் திரும்பாது என்பதும் மேலை நாடுகளில் அதிகம் பேசப்படும் விளைவு. நீலமும் பச்சையும் பழுப்பும் கலந்த கண்ணுள்ளவர்கள் அங்கே அஞ்சுவது இதற்குத்தான். நம்மவரின் ஐரிஸ் ஏற்கெனவே அடர்பழுப்பு. மாற்றம் வந்தாலும் கண்ணாடியில் தெரியாது. வெளிநாட்டுக் கட்டுரைகளை அப்படியே மொழிபெயர்த்துப் போடும் நம் அழகுக் குறிப்புகள் இந்த ஒன்றைப் பெரிதாக்கி, நமக்கு உண்மையில் பொருந்தும் வேறு இரண்டை விட்டுவிடுகின்றன.

முதலாவது, இமைத்தோல் கறுப்பது. நம் தோலில் நிறமி இயல்பாகவே அதிகம். கண்ணைச் சுற்றிக் கருவளையம் என்பது இங்கே மிகச் சாதாரணக் குறை. அதற்காகக் கிரீம் வாங்கும் அதே பெண், இமையைக் கறுக்கச் செய்யும் மருந்தை இரவில் தடவுகிறாள். மருந்தை நிறுத்தினால் இந்தக் கருமை பெரும்பாலும் மெல்ல மறையும். ஆனால் அரிப்பு வந்து தேய்த்தால், அந்தத் தேய்ப்பே தனியாக ஒரு கருமையை உண்டாக்கும். இமையழகுக்காகத் தொடங்கிய முயற்சி முகத்தின் அழகைக் குறைக்கும் இடம் இது.

இரண்டாவது, இமைக்குழி. கண்ணைச் சுற்றியுள்ள கொழுப்புப் படலம் இந்த மருந்தால் சுருங்கலாம்; மேல் இமை உள்வாங்கி, கண் குழிவிழுந்தாற்போல் தோன்றும். 2004-இல் இதை முதலில் பதிவு செய்ததும் ஒரு கண்ணில் மட்டும் பிமாட்டோப்ரோஸ்ட் சொட்டு விட்ட நோயாளிகளை வைத்துத்தான். மறுபடியும் ஒரே முகத்தின் இரு கண்களே சான்றாயின. இந்தக் குடும்பத்து மருந்துகளுள் பிமாட்டோப்ரோஸ்ட்டுக்குத்தான் இந்த விளைவு மிகுதி என்று பிற்கால ஆய்வுகள் காட்டின. இமை விளிம்பில் மட்டும் தடவும்போது அளவு குறைவு, ஆபத்தும் குறைவு. இதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனாலும் லாட்டிஸின் தகவல் தாளிலேயே பின்னர் இது சேர்க்கப்பட்டது. நிறுத்தினால் பலருக்கு ஓரளவு திரும்புகிறது. இளம் வயதில் நிறைந்திருக்கும் கண்ணை முதுமையின் கண்ணாக்கும் விளைவு இது என்பதால், என் எடையில் இதற்கே கனம் அதிகம்.

வேறு சிலருக்கு இந்த மருந்தே ஆகாது. கண்ணுக்குள் அழற்சி வந்தவர்கள், கண்புரை அறுவை செய்துகொண்டவர்கள், விழித்திரை நடுப்பகுதியில் வீக்கம் வரும் வாய்ப்புள்ளவர்கள் கண் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் அதைக் கழற்றிவிட்டுத் தடவி, 15 நிமிடம் கழித்தே திரும்பப் போட வேண்டும். மருந்தில் சேர்க்கும் பென்சால்கோனியம் குளோரைடு என்ற பதப்பொருளை லென்ஸ் உறிஞ்சிக்கொள்ளும். கண் அழுத்தத்தை மருந்து மாற்றக்கூடும் என்பதால், அழுத்தப் பரிசோதனைக்குப் போகும்போது இதைத் தடவுவதை மருத்துவரிடம் மறைக்கக் கூடாது. மறைத்தால் கிளாக்கோமாவின் தொடக்கமே கணக்கில் தவறிப்போகலாம்.

மருந்து என்று பெயர் சொல்லி வருவதையாவது இப்படி எடைபோட முடிகிறது. ‘சீரம்’ என்று வருவதை எடைபோட வழியே இல்லை. 2007 நவம்பரில் கலிபோர்னியாவின் சான் ஹோசே நகரில் ‘ஏஜ் இன்டர்வென்ஷன் ஐலாஷ்’ என்ற அழகுப்பொருளின் 12,682 குழாய்களை அமெரிக்க அரசு கைப்பற்றியது. அழகுப்பொருள் என்ற பெயரில் விற்ற அதற்குள் இருந்தது பிமாட்டோப்ரோஸ்ட். அதன் பிறகு சில நிறுவனங்கள் அதே குடும்பத்தின் வேறு உறுப்பினர்களுக்குத் தாவின: ஐசோப்ரொபைல் க்ளோப்ரோஸ்டினேட் போன்றவை. பெயர் நீளமாக இருப்பதால் பெட்டியில் யாரும் படிப்பதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் நுகர்வோர் பாதுகாப்பு அறிவியல் குழு 2022-இல் இவற்றை ஆராய்ந்து, கிடைத்த தரவுகளை வைத்துப் பாதுகாப்பானவை என்று முடிவுகட்ட முடியாது என்றது. கண்ணருகே பயன்படுத்துவது குறித்துக் கவலையும் தெரிவித்தது. சீரம் தடவி உண்மையிலேயே முடி நன்றாக நீண்டுவிட்டது என்று ஒருவர் சொன்னால், மகிழ்வதற்கு முன் பெட்டியின் பின்பக்கத்தைப் படிக்க வேண்டும் என்பேன். உட்பொருள் பட்டியலே இல்லாத பெட்டி என்றால் குப்பைக்குத்தான் போக வேண்டும்.

இது வெறும் அச்சம் இல்லை என்பதற்குக் கேரளத்திலேயே சான்று உண்டு. 2021 ஜூலைக்கும் 2023 செப்டம்பருக்கும் இடையே மலப்புறம் மாவட்டம் கோட்டக்கல்லில் மருத்துவர்கள் ஒருவகைச் சிறுநீரக நோயை 22 பேரிடம் கண்டார்கள். அவர்களில் 15 பேருக்கு இருந்தது அதிலும் அரிதான ஒரு வகை. அந்த 15 பேரில் 13 பேர் சிவப்பழகு கிரீம் தடவியவர்கள். கிரீம்களில் இருந்தது பாதரசம். கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையும் ‘ஆப்பரேஷன் சௌந்தர்யா’ என்ற பெயரில் 2023-இல் சோதனைகளைத் தொடங்கி, உரிமமும் உட்பொருள் விவரமும் இல்லாத அழகுப்பொருட்களைப் பிடித்தது. இமை சீரமும் சிவப்பழகு கிரீமும் வேறு வேறு. ஆனால் இரண்டும் வந்துசேரும் வழி ஒன்றே: இணையம், பரிசுப்பெட்டி, வளைகுடாவிலிருந்து வரும் உறவினரின் பை.

வீட்டு வைத்தியத்தை இதோடு சேர்த்து ஒரே தராசில் வைப்பது நியாயம். நல்ல எண்ணெய் விளக்கில் செய்த கண்மை இமைமுடியை வளர்க்கிறது என்பதற்குச் சான்று இல்லை. முடியின் மேல் கரி படிவதால் அடர்த்தியாகத் தெரிகிறது, அவ்வளவுதான். சுத்தமாகச் செய்து தன் கண்ணுக்கு மட்டும் வைத்துக்கொள்வதில் பெரிய குறையும் இல்லை. பச்சைக்குழந்தையின் கண்ணுக்குள் விரலால் தீட்டுவதை மட்டும் விட்டுவிட வேண்டும். கடையில் கிடைக்கும் சுர்மாவின் கதை வேறு. அதில் ஈயம் இருக்கலாம். அழகுப்பொருளில் நிறத்துக்காக ஈயச் சேர்மம் சேர்ப்பதை இந்தியச் சட்டம் தடை செய்திருந்தும் அடையாளமில்லாத டப்பாக்கள் வந்தபடியே இருக்கின்றன. குழந்தையின் மூளை வளர்ச்சிக்கு ஈயம் நேர்ப் பகை.

விளக்கெண்ணெய்க்கு மட்டும் கொஞ்சம் தனியாகப் பேச வேண்டும். ‘ராத்திரி ரெண்டு சொட்டு தேச்சுட்டுப் படு மக்களே’ என்று சொல்லாத பாட்டி இந்தப் பக்கம் அபூர்வம். அதில் உள்ள ரிசினோலிக் அமிலம் உடலில் ஈபி3 என்ற ஏற்பியைத் தூண்டுகிறது என்று 2012-இல் ஓர் ஆய்வு காட்டியது. பிமாட்டோப்ரோஸ்ட் சேர்ந்த புரோஸ்டாகிளாண்டின் குடும்பத்துக்கு உரிய ஏற்பிகளில் அதுவும் ஒன்று. இதைப் பிடித்துக்கொண்டு ‘பாட்டி சொன்னது நிரூபணமாகிவிட்டது’ என்று எழுதுகிறவர்கள் உண்டு. அந்த ஆய்வு விளக்கியது விளக்கெண்ணெய் குடித்தால் ஏன் வயிறு போகிறது என்பதை. இமைமுடியைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. நியூசிலாந்தில் இமை விளிம்பு அழற்சி உள்ள 26 பேரிடம் நான்கு வாரம் தூய விளக்கெண்ணெய் தடவிப் பார்த்தபோது அழற்சி குறைந்தது, இமைமுடி உதிர்ந்த அடையாளங்களும் குறைந்தன. அழற்சியால் உதிர்கிறவருக்கு அது துணைசெய்யலாம் என்ற அளவுக்கு அதை ஏற்கலாம். நல்ல இமையில் நீள முடி முளைக்கும் என்று அதிலிருந்து தாவ முடியாது. கலப்படமில்லாத எண்ணெயைச் சுத்தமான கையால், கண்ணுக்குள் போகாமல், மெல்லத் தடவினால் பெரும்பாலோருக்குக் கேடில்லை. பலன் இல்லாவிட்டாலும் கேடு செய்யாதது, பலன் தந்து கேடும் செய்வதை விட நல்ல உடல்நலம் உள்ளவருக்கு ஏற்றது என்பதே என் கணக்கு.

பார்லரில் பசை வைத்து ஒட்டும் இமைமுடியைப் பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை. சில பசைகளிலிருந்து ஃபார்மால்டிஹைடு வெளியாகி விழிப்படலம் புண்ணானதை ஜப்பானியக் கண் மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அடிக்கடி ஒட்டினால் அதன் பாரத்தில் சொந்த முடியே உதிரும். ஒரு நாள் கல்யாணத்துக்கு ஒட்டி, அன்று இரவே பக்குவமாக எடுத்துவிடும் வகையே, ஒட்டத்தான் வேண்டும் என்கிறவருக்குக் குறைந்த தீங்கு.

நீளம் கூடக் கூட நல்லதா என்பதையும் கேட்க வேண்டும். 2015-இல் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தினர் 22 பாலூட்டி இனங்களின் இமைமுடியை அளந்தார்கள். கண்ணின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு நீளமே கண்ணைத் தூசியிலிருந்தும் வறட்சியிலிருந்தும் சிறப்பாகக் காக்கிறது என்று கண்டார்கள். அதைத் தாண்டினால் காற்றைக் கண்ணை நோக்கித் திருப்பி, கண்ணீர்ப்படலம் உலர்வதைக் கூட்டும். பாறசாலையிலிருந்து திருவனந்தபுரத்துக்கு நாள்தோறும் பேருந்து ஜன்னலோரம் உட்கார்ந்து வேலைக்குப் போகிறவருக்கு இது ஏட்டுக்கணக்கு இல்லை.

எல்லாவற்றையும் விடப் பெரிய கேள்வி இனிதான் வருகிறது: இமைமுடி ஏன் குறைந்தது? பிறவியிலேயே மெலிந்த முடி என்றால் அது நோயில்லை. முன்பு இருந்து இப்போது உதிர்ந்தது என்றால் காரணம் இருக்கும். இமை விளிம்பு அழற்சி, தைராய்டு குறைவு, புழுவெட்டு, கைப்பழக்கமாகப் பிடுங்குவது, மருந்துகள். தொழுநோயின் ஒரு வகையிலும் புருவமும் இமைமுடியும் உதிரும். 2005 இறுதியில் தேசிய அளவில் தொழுநோய் ஒழிப்பு இலக்கை எட்டிவிட்டோம் என்ற பிறகும் கேரள சுகாதாரத் துறை ‘அஸ்வமேதம்’ என்று வீடுவீடாகத் தொழுநோயைத் தேடுகிறது. நோய் இன்னும் கிடைப்பதால்தான் தேடுகிறார்கள். இவற்றில் பலவும் உரிய சிகிச்சையால் கட்டுப்படும், காரணத்தைக் கண்டுபிடித்தால். காரணத்தைத் தேடாமல் சீரம் தடவிக்கொண்டிருந்தால் காலம்தான் போகும்.

குறிப்பாக ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். ஓர் இமையில் மட்டும், ஓரிடத்தில் மட்டும் முடி உதிர்ந்து, அங்கே தோல் தடித்திருந்தால், அல்லது கண்கட்டி போல ஒன்று எடுத்த பிறகும் அதே இடத்தில் திரும்பத் திரும்ப வந்தால், அது இமையின் எண்ணெய்ச் சுரப்பியில் தோன்றும் புற்றுநோயாக இருக்கலாம். மேலை நாடுகளில் அரிதான இந்தப் புற்று இந்தியாவில் இமைப் புற்றுகளுள் கணிசமான பங்கு. தொடக்கத்தில் பிடித்தால் கண்ணும் உயிரும் தப்பும். அந்த இடத்தில் முடி வளர்க்க மருந்து தடவுவது மிகப் பெரிய தவறாக முடியும்.

இந்த மருந்துக்கு உண்மையான நியாயம் உள்ளவர்கள் யார்? கீமோ சிகிச்சையில் இமைமுடியை இழந்தவர்கள். 1981-இல் தொடங்கிய திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்துக்கு எல்லையின் இரு பக்கத்திலிருந்தும் நோயாளிகள் போகிறார்கள். தலைமுடி போனதைச் சேலைத் தலைப்பால் மறைக்கலாம். இமைமுடி இல்லாத முகத்தை எதனாலும் மறைக்க முடியாது. எதிரே வருகிற ஒவ்வொருவருக்கும் நோய் தெரிந்துவிடுகிறது. தூசியும் வியர்வையும் நேரே கண்ணில் இறங்குகின்றன. அவர்களுக்கு இது அழகு ஆசை என்று யாராவது சொன்னால் என்னால் ஏற்க முடியாது. கீமோவுக்குப் பின் இமைமுடி குறைந்தவர்களிடம் ஓராண்டு நடந்த சோதனையில் பிமாட்டோப்ரோஸ்ட் பலன் தந்தது. வெறும் கரைசல் தடவியவர்களிலும் ஒரு பங்கினருக்கு முன்னேற்றம் தெரிந்தது என்பது அதிலேயே உள்ள நல்ல செய்தி: சிகிச்சை முடிந்தபின் இமைமுடி தானாகவே மெல்லத் திரும்பும். ஆகவே அவசரப்படத் தேவையில்லை. திரும்பத் தாமதமானால், புற்றுநோய் மருத்துவரும் கண் மருத்துவரும் ஒப்பினால், பயன்படுத்தலாம். புழுவெட்டால் உதிர்ந்தவர்களிடம் ஆய்வு முடிவுகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. பெரிய நம்பிக்கை வைக்க வேண்டாம்.

‘என் முகம், என் காசு, நான் தடவினால் உங்களுக்கென்ன?’ என்று ஒரு பெண் கேட்டால் அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. அழகை விரும்புவது குற்றமில்லை. நீண்ட இமைமுடி தன்னம்பிக்கை தருகிறது என்று சோதனையில் கலந்துகொண்டவர்கள் சொன்னதையும் நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் தன் விருப்பம் என்று சொல்வதற்கு முன் முழு விவரமும் கையில் இருக்க வேண்டும். விவரத்தை மறைத்து விற்கிறவர் அந்த விருப்பத்தையே பறித்துவிடுகிறார்.

என் தீர்ப்பு இது. நோயாலோ சிகிச்சையாலோ இமைமுடியை இழந்தவர்களுக்கும், காரணம் தேடிப் பார்த்து வேறு நோய் இல்லை என்று தெளிந்த, உண்மையிலேயே முடி குறைந்தவர்களுக்கும் பிமாட்டோப்ரோஸ்ட் தகும். கண் மருத்துவரின் சீட்டோடு, தொடங்கும் முன் எடுத்த படத்தோடு, தூய தூரிகையோடு, 16 வார எல்லையோடு. அதற்குள் தெளிவான மாற்றம் தெரியாவிட்டால் நிறுத்திவிட வேண்டும். கருவுற்றவர்களுக்கும் பாலூட்டுகிறவர்களுக்கும் தகாது. நல்ல இமைமுடி உள்ள மணப்பெண்ணுக்குத் தகாது. அவளுக்குக் கிடைக்கும் பலனை எந்தச் சோதனையும் அளக்கவில்லை, அவள் ஏற்கும் ஆபத்தோ அளந்து வைக்கப்பட்டிருக்கிறது. உட்பொருள் சொல்லாத சீரம் யாருக்குமே தகாது.

இன்னொரு சொல், கிளாக்கோமா உள்ள வீடுகளுக்கு. அம்மைக்குச் சொட்டு விட்டதும் இமைமுடி நீண்டு இமை கறுத்ததைப் பார்த்து, இதைப் படித்த பயத்தில் மருந்தை நிறுத்திவிடாதீர்கள். அவருக்கு அந்தச் சொட்டு பார்வையைக் காக்கிறது. கிளாக்கோமாவில் போன பார்வை திரும்பாது. பக்கவிளைவு தொந்தரவாக இருந்தால் மருத்துவர் வேறு வகைச் சொட்டுக்கு மாற்றித் தருவார். அதே புட்டியிலிருந்து பேத்தி தன் இமைக்கு எடுப்பதை மட்டும் தடுத்துவிடுங்கள். பாட்டியின் மருந்து சீக்கிரம் தீரும், புட்டியின் வாயில் கிருமி ஏறும்.

களியக்காவிளையிலும் பாறசாலையிலும் நெய்யாற்றின்கரையிலும் மருந்துக்கடை வைத்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள்: இந்தச் சொட்டைக் கேட்டு இளம் வயதுக்காரர் யாராவது சீட்டில்லாமல் வந்தால், எதற்கு என்று கேளுங்கள். இமைக்கு என்றால் கொடுக்காதீர்கள். நெய்யாற்றின்கரை பொது மருத்துவமனைக்கோ திருவனந்தபுரம் அரசு கண் மருத்துவமனைக்கோ போய் முதலில் கண்ணைக் காட்டிவரச் சொல்லுங்கள்.